உட்காருங்கள் என்ற பிறகு

ஜூன் 9

அன்புள்ள அம்மா,

இந்தக் கடிதத்திலும் இனி எழுதப்போகிற எல்லாக் கடிதங்களிலும் நடந்ததை நடந்தபடியே எழுதுவேன். கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன். என்னைப் பற்றி மோசமாகத் தெரிந்தாலும் எழுதுவேன். நீயும் எனக்கு அப்படியே எழுத வேண்டும். இதை ஒப்பந்தமாக வைத்துக்கொள்வோம். கீழே கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

முதலில் நீங்கள் கிளம்பிய காலை. மாடிப்படி திரும்பும் இடத்தில் தம்பி சுண்டு வாந்தி எடுத்தான். வேறு எதுவும் கைக்குக் கிடைக்காததால் நீ உன் கைப்பையைத் திறந்து அவன் வாய்க்குக் கீழே பிடித்தாய். பிறகு அதிலிருந்து போனையும் பர்ஸையும் இரண்டு விரலால் எடுத்துத் துடைத்தாய். டாக்சிக்காரர் "பையனுக்கு என்னங்க?" என்று கேட்டார். "அஜீரணம்" என்று சினிமாவில் பணக்கார வீட்டுப் பெண்ணுக்குப் பேசுகிற குரலில் சொன்னாய். ரத்தத்தில் வந்த நோயை அஜீரணம் என்று சொன்னால் நம்பும்படி உன்னால்தான் சொல்ல முடியும். உன் முகம் அசையவே இல்லை. இடது கண்ணுக்குக் கீழே ஒரு சதை மட்டும் துடித்தது. நான் பார்த்தேன்.

மருந்து முடிந்ததும் மூன்று பேரும் நம் வீட்டுக்கே திரும்பிவிடுவோம் என்று டாக்சிக் கதவைப் பிடித்துக்கொண்டு சொன்னாய். அதை எழுதி வைத்திருக்கிறேன். வீட்டுச் சாவி என் கழுத்துச் சங்கிலியில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் போய்த் தூசி தட்டுகிறேன்.

பெரியம்மா எனக்குத் துணிக்கட்டுகள் அடுக்கிய அறையைக் கொடுத்திருக்கிறாள். தையல் கடையில் வெட்டி முடியாத பள்ளிச் சீருடைத் துணியை வீட்டுக்குக் கொண்டுவந்து வெட்டுகிறாள். என் கட்டிலுக்கு மேலே நீலம், தலைமாட்டில் சாம்பல். முதல் நாளே சட்டம் சொல்லிவிட்டாள்: "புஸ்தகம் உன்னுது, கரண்ட் என்னுது. ஒன்பதுக்கு லைட்ட அணைச்சிடுவேன்."

அப்பாவுக்குப் போன் செய்தேன். அவருடைய புது வீட்டில் குழந்தை தூங்குகிற நேரமாம். அப்புறம் பேசுவதாகச் சொன்னார்.

உன் மகள் (கையெழுத்து)


ஜூன் 17

வக்கீலுக்கு,

ஒப்பந்தம் கிடைத்தது. கையெழுத்துப் போட்டதாக வைத்துக்கொள். தாள் கையளவுதான் இருக்கிறது. மருந்துக் கம்பெனிக்காரர்கள் இனாமாகக் கொடுத்த குறிப்புத் தாள். அதனால் பக்கம் நிறையத் திருப்ப வேண்டியிருக்கும்.

போன் செய்யவில்லை என்று கோபப்படாதே. ஏன் என்று சொல்கிறேன். இந்த ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறவர்களின் பிள்ளைக்கு வைத்தியமும் தங்க அறையும் உண்டு. அதற்காகத்தான் வரவேற்பு மேஜை வேலைக்கு விண்ணப்பித்தேன். பேசிக் காட்டச் சொன்னார்கள். நான் பேசியதும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு என்னை வேறு அறைக்கு அனுப்பிவிட்டார்கள். ஜன்னல் இல்லாத சின்ன அறை, மேஜை, போன். டப்பிங் அறையேதான். திரை மட்டும் இல்லை. டாக்டர் கையெழுத்துப் போட்டுத் தாளை உள்ளே அனுப்புவார். நான் வீட்டுக்காரர்களைக் கூப்பிட்டு, உங்கள் ஆள் இறந்துவிட்டார் என்று சொல்ல வேண்டும். அதுதான் என் வேலை.

அதற்கு ஒரு முறை இருக்கிறது. எனக்கு முன்னால் இருந்த அம்மாள் சொல்லிக்கொடுத்தாள். முதலில் பேசுவது யார் என்று கேட்க வேண்டும். பிறகு, "பக்கத்தில் யாராவது இருக்கிறார்களா?" அதன் பிறகு, "உட்காருங்கள்." அதற்கப்புறம் செய்தி. 'இறந்துவிட்டார்' என்ற சொல்லையே சொல்ல வேண்டும். "நம்மை விட்டுப் போய்விட்டார்" என்று அவள் ஒருமுறை நாசூக்காகச் சொல்லப்போக, அந்தப் பக்கம் இருந்த மனுஷன் "எந்த ஆஸ்பத்திரிக்குங்க?" என்று கேட்டானாம்.

பன்னிரண்டு வருஷம் எவளெவளோ திரையில் அழுததற்கு என் தொண்டையைக் கொடுத்தேன். இப்போது அந்தப் பக்கம் அழுகிறார்கள், நான் அழக்கூடாது. வேலை முடிந்து போனைத் தொட்டாலே குரல் தானாக அந்தக் குரலாகிவிடுகிறது. அந்தக் குரலில் உன்னிடம் "சாப்பிட்டியா" என்று கேட்க எனக்குப் பயமாக இருக்கிறது. அதனால் எழுதுகிறேன்.

சுண்டுவுக்குத் தலையணையெல்லாம் முடி. மருந்துப் பாட்டில் தொங்குகிற கம்பிக்கு ஒட்டகம் என்று பெயர் வைத்திருக்கிறான். கக்கூஸுக்குப் போனாலும் ஒட்டகத்தை ஓட்டிக்கொண்டுதான் போகிறான்.

அம்மா


ஜூலை 2

அன்புள்ள அம்மா,

உன்னைக் கண்டுபிடித்துவிட்டேன். கடைவீதியில் ஆறு மாடிக் கட்டடம் ஒன்று இருக்கிறதல்லவா? பெரியம்மாவுக்குப் பொத்தான் வாங்கப் போனேன். லிஃப்டில் ஏறியதும் நீ பேசினாய். "கதவு மூடுகிறது. விலகி நில்லுங்கள்." உன் குரல்தான். 'நாலாவது மாடி' என்னும்போது லேசாகச் சிரிக்கிறாய். மற்ற மாடிகளில் சிரிப்பு இல்லை. ஏன் என்று எழுது.

மேலும் கீழுமாகப் போய்வந்தேன். காவல்காரர் கதவில் கையை வைத்துக்கொண்டு கேட்டார்:

"பாப்பா, உனக்கு எந்த மாடி?"

"எல்லா மாடியும்."

"இது என்ன ராட்டினமா? இறங்கு."

இறங்கிவிட்டேன். ஆனால் மறுநாளும் போனேன்.

பள்ளியில் பேச்சுப் போட்டி. தலைப்பு 'நான் மதிக்கும் பணி'. எல்லோரும் டாக்டர், ஆசிரியர் என்று எடுத்திருக்கிறார்கள். நான் உன் வேலையை எடுத்திருக்கிறேன். பெரிய செய்தியை எந்த வரிசையில் சொல்ல வேண்டும் என்று விளக்கப்போகிறேன். கேட்டதும் தமிழாசிரியை, "உங்கம்மா இதெல்லாமா உனக்கு எழுதறாங்க?" என்றார். எங்களுக்குள் ஒப்பந்தம் இருக்கிறது என்று சொன்னேன்.

இருபதாம் தேதி போட்டி. ஒரு நாள் வந்துவிட்டுப் போக முடியுமா? அல்லது நான் அங்கே வரட்டுமா? எனக்கு இருமல் இல்லை. முகமூடி போட்டுக்கொள்வேன். ஒரு மூலையில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருப்பேன். உங்களுக்குத் தொந்தரவாக இருக்காது.

நம் வீட்டுக் குளியலறைக் குழாய் சொட்டுகிறது. வாளி வைத்திருக்கிறேன்.

உன் மகள்


ஜூலை 10

வக்கீலுக்கு,

என்னால் வர முடியாது. நீயும் வராதே. வெளியிலிருந்து யாரும் சுண்டு பக்கத்தில் வரக்கூடாது என்று போர்டே மாட்டியிருக்கிறார்கள். முகமூடி போட்டாலும் நீ வெளி ஆள்தான்.

லிஃப்டில் பேசுகிறவளுக்கு வயது இருபத்துநாலு. அவளுக்குப் பிள்ளை கிடையாது. நாலாவது மாடிக்கு ஏன் சிரித்தாள் என்று எனக்கு ஞாபகம் இல்லை. பாட்டு கற்றுக்கொண்டிருந்தாள், மேடை ஏறலாம் என்று நினைத்துக்கொண்டிருந்தாள். அப்புறம் நீ பிறந்தாய். தொண்டையை விற்றுப் பிழைக்க டப்பிங்தான் தோதுப்பட்டது. அவளைத் தேடிக்கொண்டு போகாதே. அவளுக்கு உன்னைத் தெரியாது.

உண்மையாக எழுது என்றாய். எழுதிவிட்டேன்.

சுண்டுவுக்கு வாயெல்லாம் புண். தண்ணீரை ஸ்பூனில் கொடுத்தால் என் கையைக் கடிக்கிறான். கடிக்கட்டும்.

அம்மா


ஜூலை 22

அன்புள்ள அம்மா,

இது மோசமான கடிதம். ஆனாலும் வரிசையாக எழுதுகிறேன்.

இருபதாம் தேதி போட்டியில் எனக்கு முதல் பரிசு. நீ அந்த அறையில் உட்கார்ந்து போனை எடுக்கிற மாதிரி நடித்துக் காட்டினேன். பின்வரிசையில் இரண்டு பேர் அழுதார்கள். கோப்பை என் முழங்கை உயரம். நீதான் போனில் பேசமாட்டாயே, உன்னிடம் சொல்ல வழியில்லை. பெரியம்மாவிடமாவது சொல்லலாம் என்று பள்ளி அலுவலகத்திலிருந்து கடைக்குப் போன் செய்தேன்.

என் யோசனை இதுதான். கெட்ட செய்திக்கு இருக்கிற முறை நல்ல செய்திக்கும் பொருந்த வேண்டும். இரண்டுமே பெரிய செய்திதானே. அதைச் சோதித்துப் பார்க்க நினைத்தேன். குரலையும் உன்னைப் போலத் தாழ்த்திக்கொண்டேன்.

"பெரியம்மாவா பேசறது?"

"ஆமா, யாரு?"

"நான்தான். உங்க பக்கத்துல யாராவது இருக்காங்களா?"

"கடைல பொண்ணுங்க இருக்காங்க. ஏண்டி?"

"உட்காருங்க பெரியம்மா."

அப்புறம் கோப்பையைச் சரியாகப் பிடித்துக்கொள்ள ஒரு மூச்சு எடுத்தேன். அவ்வளவுதான். அந்தப் பக்கம் ஓர் அலறல் கேட்டது. பிறகு ஏதோ விழுந்தது. பிறகு யாரோ போனை எடுத்து, "ஏ பொண்ணு, என்னடி சொன்னே அவங்ககிட்ட?" என்றார்கள்.

பெரியம்மா நான் சொன்னபடி உட்கார்ந்திருக்கிறாள். ஆனால் பொத்தான் ஓட்டைகளுக்குக் காஜா எடுக்கிற பெண் அதற்குள் ஸ்டூலை இழுத்துக்கொண்டு போயிருக்கிறாள். வலது மணிக்கட்டு முறிந்துவிட்டது. மாவுக்கட்டுப் போட்டிருக்கிறார்கள். வெட்டுகிற கை அது. கடையில் ஆள் தேடுகிறார்கள்.

பெரியம்மா என்னை அடிக்கவில்லை. கோப்பையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுக்கா?" என்று மட்டும் கேட்டாள். இப்போது அது சமையலறையில் இருக்கிறது. அதில் கரண்டிகள் வைத்திருக்கிறாள்.

நான் கெட்டவளா என்று எழுது.

உன் மகள்


ஜூலை 29

வக்கீலுக்கு,

நீ கெட்டவளா என்பது எனக்குத் தெரியாது. வேலை தெரியாதவள். அதை மட்டும் சொல்கிறேன்.

உட்காருங்கள் என்ற பிறகு நிறுத்தக்கூடாது. ஒரு மூச்சு விட்டாலும் போச்சு, அந்த இடைவெளியில் அவர்களே செய்தியை முடித்துக்கொள்வார்கள். யாரைப் பற்றிப் பயந்துகொண்டிருக்கிறார்களோ அந்த ஆளைக் கொன்றுவிடுவார்கள். அதனால் அடுத்த சொல் ஒட்டிக்கொண்டே வர வேண்டும். இதை நான் உனக்கு எழுதவில்லை. நீ மேடையில் ஏற்றுவாய் என்று நினைக்கவில்லை.

இன்னொன்று. பெரியம்மா அலறினாள் என்று எழுதியிருக்கிறாய். என்ன சொல்லி அலறினாள் என்று எழுதவில்லை. நீ எதையும் விடமாட்டாய் என்று எனக்குத் தெரியும். கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன் என்று கையெழுத்துப் போட்டவள் நீதான்.

எழுது.

அம்மா


ஆகஸ்ட் 3

அன்புள்ள அம்மா,

அதை வேண்டுமென்றேதான் விட்டேன். நீ கேட்டதால் எழுதுகிறேன்.

"போயிட்டானா? அப்பாடா, அந்தப் பிள்ளைக்கு விடுதலை. என் தங்கச்சிக்கும் விடுதலை." இதைச் சொல்லிக்கொண்டேதான் உட்கார்ந்தாள்.

அலறல் அதற்கு முன்னால். 'அப்பாடா' மெதுவாகத்தான் வந்தது. ஆனால் போன் அவள் வாயருகில்தான் இருந்தது.

அதைப் பற்றி அவளிடம் நான் எதுவும் கேட்கவில்லை. அவள் இடது கையால் சாப்பிடுகிறாள். நான் பிசைந்து கொடுக்கிறேன். "உங்கம்மாவுக்கு எல்லாத்தையும் எழுதறியா?" என்று நேற்றுக் கேட்டாள். ஆமாம் என்றேன். அதற்குப் பிறகு என் முன்னால் குறைவாகவே பேசுகிறாள்.

மருந்து எப்போது முடியும்? பள்ளி விடுமுறைக்குள் வந்துவிடுவீர்களா? வீட்டுக் குழாயை நானே துணி சுற்றிக் கட்டிவிட்டேன். சுண்டுவின் கட்டிலை ஜன்னல் பக்கம் நகர்த்தியிருக்கிறேன்.

உன் மகள்


ஆகஸ்ட் 19

அன்புள்ள அம்மா,

பதில் வரவில்லை. தபால்காரரிடம் கேட்டேன். "எழுதினாத்தானே கொண்டுவர முடியும்" என்றார்.

சுண்டுவுக்கு ஒட்டகம் படம் வரைந்து இத்துடன் வைத்திருக்கிறேன். கையைக் கழுவிவிட்டுத்தான் வரைந்தேன்.

உன் மகள்


செப்டம்பர் 14

வக்கீலுக்கு,

நிறைய நாளாக எழுதவில்லை. எழுத உட்கார்ந்து கிழித்துப் போட்டேன். இதை வேலை நேரத்தில் எழுதுகிறேன். அப்போதுதான் கை ஒழுங்காக ஓடுகிறது.

இதைப் படிப்பது நீதானே? பக்கத்தில் யாராவது இருக்கிறார்களா? இருந்தால் கூப்பிட்டுக்கொள்.

உட்கார்.

நாங்கள் அந்த வீட்டுக்குத் திரும்பி வரப்போவதில்லை.

சுண்டு பிழைத்துவிட்டான். ரத்தம் சுத்தமாக இருக்கிறது. முடி முளைக்கிறது. ரொட்டி கேட்டு நச்சரிக்கிறான். ஆனால் இன்னும் சில வருஷம் இங்கேயே சோதித்துக்கொண்டிருக்க வேண்டும். எனக்கு இந்த வேலையில் மேல் பொறுப்புக் கொடுத்துவிட்டார்கள். வேறு ஆஸ்பத்திரிகளிலிருந்து வருகிறவர்களுக்கும் நான்தான் சொல்லிக்கொடுக்கிறேன். குடியிருப்பில் கொடுத்திருக்கிற அறை எனக்கும் நோயாளிப் பிள்ளைக்கும். இரண்டு கட்டில்.

இடம் இல்லை என்பது ஒரு காரணம். அதுதான் முழுக் காரணம் என்று எழுதினால் உன் ஒப்பந்தத்தை மீறியவள் ஆவேன்.

நான் பாட்டை விட்டேன், டப்பிங்கை விட்டேன், உங்கள் அப்பாவையும் விட்டேன். ஒவ்வொன்றும் யாருக்காகவோ விட்டது. இங்கே முதல் முறையாக நான் நன்றாகச் செய்கிற ஒன்று என் கையில் இருக்கிறது. அதை விட மாட்டேன்.

மிச்சம் இது. படியில் சுண்டு வாந்தி எடுத்தபோது நீ அவனைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாய். என் கண்ணுக்குக் கீழே என்ன துடித்தது என்று எழுதி எனக்கே அனுப்பினாய். அவனோடு இருக்கும்போது எனக்கு முகம் தேவையில்லை. உன்னோடு இருந்தால் எந்நேரமும் முகத்தைப் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். என்னால் முடியாது.

அக்கா சொன்னதற்காக அவள்மேல் எனக்குக் கோபம் இல்லை. அதே 'அப்பாடா'வை நானும் ஒரு நாள் நினைத்திருக்கிறேன். அதை எழுத்தில் எனக்கு அனுப்பிய உன்மேல்தான் கோபம். நான்தான் கேட்டேன் என்பதும் தெரியும். இருந்தாலும் கோபம்.

அக்காவிடம் பேசிவிட்டேன். நீ அங்கேயே படிப்பை முடி. வீட்டுச் சாவியை வீட்டு உரிமையாளரிடம் கொடுத்துவிடு. சாமான்களை அவள் எடுத்துக்கொள்ளட்டும். சுண்டுவின் செருப்பை மட்டும் அனுப்பு.

அம்மா


செப்டம்பர் 18

அன்புள்ள அம்மா,

இன்று நான் பள்ளியிலிருந்து வந்தபோது உன் கடிதம் கதவிடுக்கில் இருந்தது. நீ கேட்ட வரிசையிலேயே பதில் எழுதுகிறேன்.

படித்தது நான்தான். பக்கத்தில் பெரியம்மா இருந்தாள். கட்டுப் பிரித்துவிட்டார்கள், ஆனால் விரல் மடங்கவில்லை. இடது கையால் காலர் வெட்டப் பழகிக்கொண்டிருந்தாள். நான் துணியைப் பிடித்துக்கொள்ள வேண்டிய நேரம். அதனால் கூப்பிடவில்லை. உட்காரவும் இல்லை, கட்டிலில் துணி இருந்தது.

நீ ஒரு தவறு செய்திருக்கிறாய். 'உட்கார்' என்ற சொல்லோடு உன் சின்னத் தாள் முடிந்துவிட்டது. அடுத்த சொல்லுக்கு நான் தாளைத் திருப்ப வேண்டியிருந்தது. அது ஒரு மூச்சைவிட அதிகம். ஒட்டிக்கொண்டே வர வேண்டும் என்று எனக்குச் சொன்னது நீதான்.

அந்த நேரத்தில் சுண்டு இறந்துவிட்டான். நீ எழுதியபடியேதான் நடந்தது, நானே முடித்துக்கொண்டேன். அப்போது எனக்கு முதலில் தோன்றியது என்ன என்று எழுத வேண்டும். எழுதியதை அழித்துவிட்டுப் பார்த்தேன். இந்த இடத்தில் காகிதம் அழுக்காக இருப்பது அதனால்தான்.

அப்படியானால் அம்மா வீட்டுக்கு வந்துவிடுவாள். இதுதான் தோன்றியது. அழுகை அதற்குப் பின்னால்தான் வந்தது.

பிறகு தாளைத் திருப்பினேன். அவன் உயிரோடு இருந்தான், ரொட்டி கேட்டுக்கொண்டிருந்தான். நீ வரவில்லை.

பெரியம்மா 'அப்பாடா' என்று சொன்னது உங்கள் இருவர் கஷ்டத்துக்காக. நீ நினைத்தது உன் களைப்புக்காக இருக்கும். நான் நினைத்தது எனக்காக. ஆகவே உன் கோபம் சரியான ஆளிடம்தான் வந்திருக்கிறது. இதையும் உனக்கே அனுப்புகிறேன். உன் கண்ணுக்குக் கீழே இப்போது துடிக்கிறதா என்று இங்கிருந்து எனக்குத் தெரியாது.

சாவியை மாலையில் கொடுத்துவிட்டேன். வீட்டு உரிமையாளர் குழாயைத் திறந்து பார்த்துவிட்டு, "யாருப்பா இப்படிக் கோமணம் கட்டிவிட்டிருக்கிறது" என்று சிரித்தார். நான்தான் என்றேன். சங்கிலியில் இப்போது எதுவும் இல்லை. இருந்தாலும் போட்டிருக்கிறேன்.

செருப்பை அனுப்புகிறேன். அவனுக்குச் சின்னதாகியிருக்கும். நீ அதை யோசிக்கவில்லை என்று நினைக்கிறேன். அவன் என்னைக் கேட்டானா என்று உன் கடிதத்தில் இல்லை. விட்டுவிட்டாயா, கேட்கவில்லையா? எதுவானாலும் எழுது.

நான் இனி இங்கேதான் என்று பெரியம்மாவிடம் சொன்னேன். அவளுக்கு முன்பே தெரியும். "தெரியும், தெரியும். இந்தக் காலரை நேரா பிடி" என்றாள். நேராகப் பிடித்தேன். கொஞ்ச நேரம் கழித்து, "இதையும் எழுதப்போறியா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

"எழுது. ஒன்பது வரைக்கும் எழுது" என்றாள்.

இன்னும் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. பெரியம்மா விளக்கை அணைக்க வந்துவிட்டாள்.